தன்னந்தனியாக உலகைச் சுற்றிக் கரை சேர்ந்தவர்

1898-ம் ஆண்டு ஜூன் மாதம் 27-ந் தேதி. நள்ளிரவு தாண்டி மணி ஒன்று.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நியூபோர்ட் என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. அந்த நேரத்தில் ஊர் தூங்கிக் கொண்டிருந்தது. துறைமுகம் மட்டும் தூங்கவில்லை. அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் அப்போது யுத்தம். எதிரியின் கப்பல் எந்த நேரமும் வரலாம் என்று பயந்து, துறைமுகத்தில் தண்ணீருக்கு அடியில் வெடிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். காவல் கப்பல் ஒன்றும் விழித்துக்கொண்டு நின்றது.

அந்த இருட்டில், பாறைகளை உரசுவது போல ஒரு சின்னப் பாய்ப்படகு மெல்ல உள்ளே வந்தது. ஆழம் இல்லாத அந்த வழியில் பெரிய கப்பல் எதுவும் வர முடியாது. காவல் கப்பலில் இருந்த ஒருவர் அந்தப் படகைக் கண்டுவிட்டுச் சத்தம் போட்டார். படகில் இருந்தவர் உடனே ஒரு விளக்கைத் தூக்கிக் காட்டினார். அடுத்த கணம், படகின் பெயரைச் சொல்லியே கூப்பிடும் குரல் கேட்டது. தெரிந்தவரின் குரல்! இனிப் பயம் இல்லை. படகுக்காரர் நங்கூரத்தைத் தண்ணீரில் இறக்கினார்.

மேளதாளம் இல்லை. மாலை மரியாதை இல்லை. ஆனால், உலக சரித்திரத்தில் அதுவரை யாரும் செய்யாத ஒரு காரியம் அந்த நிமிடத்தில் முடிந்தது. ஒரே ஒரு மனிதர், துணைக்கு யாரும் இல்லாமல், பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டார்!

அவர் பெயர் ஜோஷுவா ஸ்லோக்கம். வயது 54. படகின் பெயர் ஸ்பிரே. பயணம் செய்த காலம் 3 வருடம் 2 மாதம். கடந்த தூரம் 46 ஆயிரம் மைலுக்கும் மேல். பூமியின் சுற்றளவே சுமார் 25 ஆயிரம் மைல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தூரம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

யார் இந்த ஸ்லோக்கம்? அவர் ஏன் இப்படிப் புறப்பட்டார்? கரை சேர்ந்த பிறகு என்ன ஆனார்?

பூட்ஸ் கடைப் பையன்

கனடா நாட்டில் நோவாஸ்கோஷியா என்ற பகுதி இருக்கிறது. மூன்று பக்கமும் கடல். அங்கே 1844-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி ஸ்லோக்கம் பிறந்தார். உடன் பிறந்தவர்களையும் சேர்த்து அந்த வீட்டில் 11 பிள்ளைகள். தாயார் ஒரு கலங்கரை விளக்கக் காவலரின் மகள். தகப்பனார் முதலில் விவசாயம் பார்த்தார். அது கட்டுப்படியாகவில்லை. ஸ்லோக்கத்துக்கு 8 வயது ஆனபோது, குடும்பம் பிரையர் என்ற சிறு தீவுக்குக் குடிபோனது. அங்கே தகப்பனார் மீனவர்களுக்கு பூட்ஸ் தைத்துக் கொடுக்கும் கடை வைத்தார்.

பையனுக்கு 10 வயதிலேயே பள்ளிக்கூடம் நின்றது. தோலும் ஊசியும் கையில் ஏறின. கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருந்த கடல் மீதுதான்! யாருக்கும் தெரியாமல் நிலவறையில் உட்கார்ந்து, மரத்தில் சின்னக் கப்பல் ஒன்று செதுக்கினான். வேலை முடியும் நேரத்தில் தகப்பனார் பார்த்துவிட்டார். வேலை நேரத்தில் விளையாட்டா என்று கோபம் வந்தது. பொம்மைக் கப்பலை வாங்கித் தரையில் அடித்து நொறுக்கினார். கப்பல்தான் உடைந்தது. பையனின் ஆசை உடையவில்லை.

14 வயதில் வீட்டைவிட்டு ஓடினான். ஒரு மீன்பிடி கப்பலில் சமையல்காரனாகச் சேர்ந்தான். அவன் சமைத்த முதல் பலகாரத்தைப் பார்த்ததுமே மாலுமிகள் ரகளை செய்து அவனை விரட்டிவிட்டார்கள்! திரும்பி வந்தான். 1860-ம் ஆண்டில் தாயார் இறந்தார். அதன் பிறகு அவனை வீட்டில் பிடித்து வைக்க யாரும் இல்லை. 16 வயதில் வீட்டை விட்டுப் போனவன், போனவன்தான்.

சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். நட்சத்திரத்தைப் பார்த்து வழி கணக்கிடும் வித்தையைத் தாமே புத்தகம் பார்த்துக் கற்றார். 25-வது வயதில் ஒரு கப்பலுக்குத் தலைவர் ஆனார். பத்து வயதோடு படிப்பை விட்டவருக்கு இது சின்ன விஷயமா?

கப்பலே வீடு

1871-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணமகள் பெயர் வர்ஜினியா. பிறந்த வீட்டிலிருந்து அவர் புகுந்தது வீடு அல்ல, கப்பல்! அன்று முதல் கணவன் போன கடலுக்கெல்லாம் அவரும் போனார். அவர்களுக்கு ஏழு குழந்தைகள் பிறந்தன. எல்லாம் நடுக்கடலில் அல்லது வெளிநாட்டுத் துறைமுகங்களில் பிறந்தவை. மூன்று குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்துபோயின. மிஞ்சிய நால்வருக்கும் தாயார் கப்பலிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

ஸ்லோக்கத்தின் செல்வாக்கு வளர்ந்தது. நார்தர்ன் லைட் என்ற பெரிய மூன்று பாய்மரக் கப்பலுக்குத் தலைவரானார். பிறகு அக்விட்நெக் என்ற கப்பலைச் சொந்தமாகவே வாங்கினார்.

அந்தக் கப்பலில்தான் முதல் இடி விழுந்தது. 1884-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, வர்ஜினியா நோய்வாய்ப்பட்டு இறந்தார். அவருக்கு 35 வயதுகூட நிறையவில்லை. மனைவியை அந்நிய மண்ணில் அடக்கம் செய்துவிட்டு, தாயில்லாப் பிள்ளைகளுடன் ஸ்லோக்கம் மீண்டும் கடலுக்குப் போனார். சுக்கான் உடைந்த கப்பல் போல அவர் ஆகிவிட்டார் என்று பிள்ளைகள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்.

1886-ம் ஆண்டில் உறவுக்காரப் பெண் ஹென்ரியெட்டாவை மறுமணம் செய்துகொண்டார். புது மணப்பெண்ணும் கப்பல் ஏறினார். கல்யாணமான சில நாட்களிலேயே பயங்கரப் புயல்! அதோடு முடியவில்லை. 1887-ம் ஆண்டுக் கடைசியில், பிரேசில் நாட்டுக் கரை ஓரம் அக்விட்நெக் மணல் திட்டில் ஏறி உடைந்தது. இன்ஷூரன்சும் கிடையாது. சேர்த்த சொத்தெல்லாம் மணலோடு போயிற்று.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஸ்லோக்கம் கோடரியை எடுத்தார். உடைந்த கப்பலில் கிடைத்த பொருள்களையும், காட்டு மரங்களையும் வைத்து 35 அடி நீளத்தில் ஒரு படகு கட்டினார். மனைவி பாய் தைத்தார். 1888-ம் ஆண்டு மே 13-ந் தேதி படகைத் தண்ணீரில் விட்டார்கள். பிரேசிலில் அடிமைகள் விடுதலை பெற்ற நாளும் அதுவே. அதனால் படகுக்கு லிபர்டாடே, அதாவது விடுதலை என்று பெயர் வைத்தார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஆகிய நால்வரும் அந்தப் படகில் சுமார் 5,500 மைல் வந்து அமெரிக்கா சேர்ந்தார்கள்.

ஹென்ரியெட்டாவுக்குக் கடல் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அதன் பிறகு நீண்ட பயணம் எதற்கும் அவர் கணவருடன் போகவில்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா?

தானமாகக் கிடைத்த படகு

ஊருக்கு வந்த ஸ்லோக்கத்துக்கு வேலை கிடைக்கவில்லை. காரணம், காலம் மாறிவிட்டது. எங்கே பார்த்தாலும் நீராவிக் கப்பல். காற்றை நம்பி ஓடும் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கரையில் கட்டப்பட்டன. பாய்மரத்தில் தேர்ந்த தலைவர்கள் வேலை இல்லாமல் திண்டாடினார்கள். 48 வயதில், இனி இவர் எதற்கும் உதவமாட்டார் என்று உலகம் ஒதுக்கிய மனிதராக ஸ்லோக்கம் பாஸ்டன் நகரத் தெருக்களில் நடந்தார்.

1892-ம் ஆண்டுக் குளிர்காலம். திமிங்கில வேட்டையில் பணம் சேர்த்த ஈபன் பியர்ஸ் என்ற பழைய நண்பர் எதிர்ப்பட்டார். பேர்ஹேவன் என்ற ஊரில் ஒரு கப்பல் இருக்கிறது, எடுத்துக்கொள், ஆனால் கொஞ்சம் பழுது பார்க்க வேண்டும் என்றார்.

ஸ்லோக்கம் ஆசையோடு போய்ப் பார்த்தார். ஏமாந்து போனார். கடலில் அல்ல, ஒரு வயல்வெளியில் படகு கிடந்தது! ஒரு காலத்தில் சிப்பி எடுக்கப் போன கிழட்டுப் படகு. ஏழு வருடமாக முட்டுக்கொடுத்து, துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். நண்பர் செய்தது தானமா, கேலியா என்று சொல்ல முடியவில்லை.

படகை உடைக்கப் போகிறாரா என்று ஊரார் கேட்டார்கள். இல்லை, திருப்பிக் கட்டப்போகிறேன் என்றார் ஸ்லோக்கம். கட்டுப்படியாகுமா என்பதே எல்லாருடைய அடுத்த கேள்வி. கட்டுப்படியாகும்படி செய்கிறேன் என்பதே அவர் பதில்.

பக்கத்தில் நின்ற கருவாலி மரம் ஒன்றை வெட்டி அடிமரம் செய்தார். விலா மரங்களை ஆவியில் வேகவைத்து வளைத்தார். பழுதான பலகை ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுப் புதுப்பலகை வைத்தார். இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் கலப்பத்து அடித்தார். 13 மாதம் பாடுபட்டார். சாமான்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். கடைசியில், பழைய படகில் மிஞ்சியது பெயர் மட்டுமே. நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம்.

படகு வேலை நடந்தபோது, கரையில் ஒரு தேவதாரு மரக் கம்பத்தை அடித்து நட்டிருந்தார்கள். ஸ்பிரே தண்ணீரில் இறங்கியதும் அதைக் கட்டி நிறுத்துவதற்காக நட்ட கம்பம் அது. வாசகர்கள் அந்தக் கம்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது வரும்.

ஒரு டாலர் கடிகாரம்

முதலில் மீன் பிடித்துப் பார்த்தார். தூண்டிலில் இரை மாட்டும் பக்குவம்கூட அவருக்கு வரவில்லை. பிழைப்பு நடக்காது என்று தெரிந்தது. வயது 51. ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார். 1895-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி, பாஸ்டன் துறைமுகத்திலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டார்.

கடலில் தாம் இருக்கும் இடத்தைக் கணக்கிட, சரியாக நேரம் காட்டும் கடிகாரம் வேண்டும். அவரிடம் இருந்த நல்ல கடிகாரத்தைப் பழுதுபார்க்க 15 டாலர் கேட்டார்கள். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? வழியில் ஒரு கடையில் தகரக் கடிகாரம் ஒன்று வாங்கினார். விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்கே கொடுத்தார்கள். அந்தத் தகரக் கடிகாரத்தையும், நிலவையும் நட்சத்திரத்தையும் நம்பித்தான் உலகைச் சுற்றினார்!

அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஜிப்ரால்டர் போனார். மத்தியதரைக் கடல் வழியாகக் கிழக்கே போவது அவருடைய முதல் திட்டம். அங்கே கொள்ளைக்காரர் தொல்லை அதிகம் என்று கடற்படை அதிகாரிகள் எச்சரித்தார்கள். உடனே படகைத் திருப்பி, வந்த சமுத்திரத்தையே மீண்டும் கடந்து தென் அமெரிக்கா போனார்.

அங்கே மகெல்லன் ஜலசந்தி அவரைப் படாத பாடு படுத்தியது. ஒருமுறை பசிபிக் கடலுக்குள் நுழைந்தவரைப் புயல் தெற்கே அடித்துக்கொண்டு போய், மறுபடியும் ஜலசந்திக்குள்ளேயே தள்ளியது. இரவில் படகில் ஏறித் தாக்கும் ஆட்களுக்கும் பயப்பட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு நண்பர் வழி சொல்லியிருந்தார். தரைக் கம்பளத்தில் அடிக்கும் சிறு ஆணிகளைத் தூங்கப் போகும் முன் தளம் முழுவதும் தூவி வைத்தார் ஸ்லோக்கம். நள்ளிரவில் வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு கடலில் குதித்தார்கள்!

அதன் பிறகு பசிபிக் மகாசமுத்திரம். 72 நாள் ஒரு துறைமுகத்திலும் நிற்காமல் சமோவா தீவு சேர்ந்தார். பிறகு ஆஸ்திரேலியா. பிறகு இந்து மகாசமுத்திரத்தில் கீலிங் தீவு. அந்தத் தீவுக்கு வந்த 2,700 மைலில், 23 நாளில், அவர் சுக்கானைப் பிடித்திருந்தது மொத்தம் மூன்று மணி நேரம்தான். பாயையும் சுக்கானையும் பதமாகக் கட்டிவிட்டால் ஸ்பிரே தானாகவே நேர்வழியில் போகும். அதற்குள் அவர் சமைப்பார், படிப்பார், துணி தைப்பார், தூங்குவார்.

தனிமை அவரை வாட்டவில்லையா? முதல் நாட்களில் வாட்டியது. பேச்சு மறந்துவிடுமோ என்று பயந்து, இல்லாத மாலுமிக்கு உரக்கக் கட்டளை இட்டுப் பார்த்தார். பதில் வராத கட்டளை காதுக்கே நன்றாக இல்லை. விட்டுவிட்டுப் பாடத் தொடங்கினார்.

வரைபடத்தைத் தின்ற ஆடு

தென் ஆப்பிரிக்காவில் சில மாதம் தங்கிவிட்டு, 1898-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி வீட்டை நோக்கிப் புறப்பட்டார். இனி ஒரே ஒரு சமுத்திரம்தான் பாக்கி. ஆனால் கடைசிப் படிதான் வழுக்கும் என்பார்கள். ஸ்லோக்கத்துக்கும் அப்படியே ஆயிற்று.

செயின்ட் ஹெலினா தீவில் ஒருவர் அன்போடு ஓர் ஆட்டைக் கொடுத்தார். நாய் போலக் கூட வரும் என்றார். ஆடு முதலில் கட்டிய கயிற்றைத் தின்றது. பிறகு அறைக்குள் புகுந்து, மேற்கிந்தியத் தீவுகளுக்கு உரிய கடல் வரைபடத்தைத் தின்றது. அவருடைய வைக்கோல் தொப்பியையும் விடவில்லை! அடுத்த தீவில் ஆட்டை இறக்கிவிட்டார். வரைபடம் போனது போனதுதான்.

மே 8-ந் தேதி ஒரு விசேஷ நாள். முன்பு போகும்போது சென்ற பாதையை, திரும்பி வரும் பாதை அன்று வெட்டியது. உலக வட்டம் அங்கேயே முடிந்துவிட்டது! ஆனாலும் வீடு சேர்ந்தால்தானே பயணம் முடிந்ததாகும்?

மே 14-ந் தேதி அடிவானத்தில் ஒரு பெரிய போர்க்கப்பல் தெரிந்தது. அமெரிக்காவின் ஓரிகன் கப்பல். பசிபிக் கடலிலிருந்து தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு போர்முனைக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் எதிரிப் போர்க்கப்பல் ஏதாவது உண்டா என்று கொடி காட்டிக் கேட்டது. யுத்தம் தொடங்கிய விஷயம் ஸ்லோக்கத்துக்கு அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது. இல்லை என்று பதில் கொடி காட்டினார். அதோடு விட்டாரா? ஒருவருக்கு ஒருவர் பாதுகாப்பாகச் சேர்ந்தே போகலாமே என்று இன்னொரு கொடியும் ஏற்றினார்! தீயும் பீரங்கியும் கக்கும் இரும்பு மலைக்கு, ஒற்றை மனிதர் ஓட்டும் மரப்படகு துணையாம்!

வரைபடம் இல்லாத தொல்லை சில நாளில் தெரிந்தது. ஓர் இரவு, எதிரே வெள்ளை வெளேர் என்று அலை உடைவது தெரிந்தது. பாறைத்திட்டு என்று பயந்தார். படகைத் திருப்பினார். கொஞ்சம் போனதும் மறுபடியும் அதே வெள்ளை. இப்படியே திரும்பித் திரும்பித் தவித்தார். கடைசியில் ஓர் அலை படகை உயரத் தூக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. அது பாறை அல்ல. 30 மைல் தூரத்தில் இருந்த டிரினிடாட் தீவின் கலங்கரை விளக்கம், சுற்றிச் சுற்றி அலைமீது வெளிச்சம் வீசியது. அந்த ஆட்டை அப்போது அவர் எப்படித் திட்டியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

கடைசிச் சோதனை

ஜூன் 5-ந் தேதி மேற்கிந்தியத் தீவுகளை விட்டார். அடுத்தது சொந்தக் கரைதான். அந்தச் சமயம் பார்த்துக் காற்று நின்றுவிட்டது! எட்டு நாள் இலை அசையும் காற்றுகூட இல்லை. கடல் கண்ணாடி போல் கிடந்தது. அடிவானத்தில் இன்னொரு கப்பலும் மூன்று நாள் அசையாமல் நின்றது. பாயை நம்பிய இரண்டு கலங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. இரவில் ஸ்லோக்கம் தளத்தில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துப் புத்தகம் படித்தார். வெட்டவெளிக் கடலில் மெழுகுவர்த்திச் சுடர் அணையவில்லை. பகலில் மிதக்கும் கடற்பாசிக் கூட்டத்தில் ஒரு சின்னக் கடல்குதிரையைப் பிடித்துக் குப்பியில் போட்டு வைத்தார்.

ஜூன் 18-ல் காற்று வந்தது. வேண்டிய காற்று அல்ல, கடும் காற்று. பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் கயிறு உச்சியில் அறுந்து, பாயோடு கடலில் விழுந்தது. பாய்மரம் நாணல் போல ஆடியது. அது விழுந்தால் கதை முடிந்தது. 54 வயது மனிதர், ஆடும் மரத்தில் தனியாக ஏறி, வேறு கயிறு கட்டி இறங்கினார்.

ஜூன் 25-ந் தேதி நியூயார்க் பக்கம் நெருங்கினார். அங்கே சுழல்காற்று காத்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அது நியூயார்க் நகரில் கட்டிடங்களைச் சேதம் செய்து, மரங்களை முறித்துப் போட்டிருந்தது. அந்தக் காற்று அப்படியே ஸ்பிரேயின் மேல் பாய்ந்தது. நல்ல காலம், ஸ்லோக்கம் முன்கூட்டியே பாய்களை எல்லாம் இறக்கிக் கட்டியிருந்தார். படகு கிடுகிடுத்தது, கவிழவில்லை. உலகம் முழுவதும் கண்ட புயல்களில் அதுவே உச்சம் என்று அவர் கருதினார். இனி நியூயார்க் வேண்டாம், அமைதியான துறை ஒன்று போதும் என்று திரும்பினார். அப்படித்தான் 27-ந் தேதி நள்ளிரவில், வெடிகள் கிடந்த நியூபோர்ட் துறைமுகத்துக்குள் நுழைந்தார்.

அதே கம்பம்!

ஊர் அவரைக் கொண்டாடியதா? யுத்தச் செய்திகளுக்கு நடுவே அவர் செய்தி அமுங்கிப்போனது. தனி ஆளாக உலகைச் சுற்றினேன் என்றதைச் சிலர் நம்பவே இல்லை. நல்லவேளை, போன இடமெல்லாம் படகின் அனுமதிச் சீட்டில் முத்திரை வாங்கி வைத்திருந்தார். அதைக் காட்டிய பிறகே சந்தேகம் தீர்ந்தது.

கரை சேர்ந்தும் அவர் மனம் நிறையவில்லை. பயணம் இன்னும் முடியவில்லை என்று தோன்றியது. ஜூலை 3-ந் தேதி நல்ல காற்று வீசியது. மறுபடியும் பாய் விரித்தார். கரையோரமாகச் சென்று, அக்குஷ்நெட் ஆற்றில் ஏறி, பேர்ஹேவன் ஊருக்குப் போனார். கரையில் அந்தத் தேவதாருக் கம்பம் அப்படியே நின்றது! படகு முதன்முதல் தண்ணீரில் இறங்கியபோது கட்டிய அதே கம்பத்தில், 46 ஆயிரம் மைல் கடந்து வந்த படகைக் கட்டினார். இதைவிட வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரேயைக் கொண்டுவர அவரால் முடியாது. வீடு என்று அவர் அறிந்தது அந்தப் படகையும் அந்தக் கம்பத்தையும்தான்.

அதே ஜூலை 3-ந் தேதி கியூபா நாட்டுக் கரையில் பெரிய கடற்போர் நடந்தது. ஸ்பெயின் கப்பற்படை அழிந்தது. அந்தப் போரில் ஓரிகன் கப்பலும் சண்டையிட்டது. மறுநாள் நாடெங்கும் அதே பேச்சு. கிழட்டுப் படகு ஒன்று ஆற்றோரம் கட்டப்பட்டதை யார் கவனிப்பார்கள்?

கரையில் ஒரு வீடு

ஆனாலும் நாளடைவில் புகழ் வந்தது. தம் பயணத்தைக் கதை போல எழுதினார். 1899-ம் ஆண்டு முதல் ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது. 1900-ம் ஆண்டில் புத்தகம் ஆயிற்று. பள்ளிப்படிப்பு இல்லாதவரின் எழுத்தைப் படித்தவர்கள் பாராட்டினார்கள். இன்றும் அந்தப் புத்தகம் அச்சில் இருக்கிறது. 1901-ம் ஆண்டில் பஃபலோ நகரப் பொருட்காட்சிக்கு, கால்வாய் வழியாக ஸ்பிரேயை ஓட்டிப் போனார். கூட்டம் கூட்டமாக மக்கள் படகைப் பார்த்தார்கள்.

கையில் நாலு காசு சேர்ந்தது. 1902-ம் ஆண்டில் மார்த்தாஸ் வின்யார்டு என்ற தீவில் நிலமும் வீடும் வாங்கினார். வயது 58. தரையில் அவர் தமக்கென்று வாங்கிய வீடு அது. பழ மரங்கள் நட்டார். மண்வெட்டி பிடித்தார். ஹென்ரியெட்டாவுக்கு எவ்வளவு மகிழ்ச்சி இருந்திருக்கும்! அலைந்து திரிந்த கணவர் ஒருவழியாக வீடு தங்கப் போகிறார் அல்லவா?

ஆனால் வீட்டுக்கு அவர் வைத்த பெயரைப் பாருங்கள். கயிற்றின் நைந்துபோன கடைசி நுனிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ, அதையே வீட்டுக்கு வைத்தார்! நகைச்சுவையாகத்தான் வைத்தார். இருந்தாலும், தரையில் வாழும் வாழ்வை அவர் எப்படி எண்ணினார் என்பது அதில் தெரிந்துவிடுகிறது.

புயலை வென்றவரால் அமைதியை வெல்ல முடியவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் மண்வெட்டி கை நழுவியது. பனிக்காலம் வந்தால், குளிர் இல்லாத தெற்குத் தீவுகளுக்கு ஸ்பிரேயை ஓட்டிப் போவார். வசந்தத்தில் சங்கும் சிப்பியும் ஏற்றிக்கொண்டு திரும்புவார். கோடையில் வடக்குத் துறைமுகங்களில் படகைக் கட்டி, பார்க்க வருகிறவர்களுக்கு அவற்றையும் தம் புத்தகத்தையும் விற்பார். 1906-ம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் சின்ன மகன் ஒருவன், அந்தப் படகில் சில நாள் பயணம் செய்தான். உலகைச் சுற்றிய படகில் ஏற எந்தப் பையனுக்குத்தான் ஆசை இராது?

மனைவி தரையில். கணவர் தண்ணீரில். இருவரிலும் குற்றவாளி யாரும் இல்லை. அவர் வேரைத் தேடினார். இவர் காற்றைத் தேடினார்.

திரும்பாத பயணம்

வருடங்கள் ஓடின. ஸ்லோக்கத்துக்கும் வயதாயிற்று. ஸ்பிரேக்கும் வயதாயிற்று. முன்பு பலகை பலகையாகப் பார்த்துப் பார்த்துச் செப்பனிட்ட கை தளர்ந்தது. கயிறுகள் நைந்தன, பாய் பழசாயிற்று. பார்த்தவர்கள் கவலைப்பட்டார்கள். அவர் கவலைப்படவில்லை.

ஒரு நவம்பர் மாதத்தில், வழக்கம்போல் தெற்கே புறப்பட்டார். தென் அமெரிக்காவின் பெரிய ஆறுகளில் ஏறிப்பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. பாய் விரித்துப் போன படகைக் கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. ஒரு துறைமுகத்திலிருந்தும் செய்தி இல்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

இரவில் ஏதோ ஒரு நீராவிக் கப்பல், தெரியாமல் ஸ்பிரேயின் மேல் மோதியிருக்க வேண்டும் என்று மூத்த மகன் விக்டர் நம்பினார். அவர் பிழைப்பைப் பறித்தது நீராவிக் கப்பல். மகன் நினைத்தது சரி என்றால், உயிரைப் பறித்ததும் அதுவே!

ஹென்ரியெட்டா காத்திருந்தார். வருடக்கணக்காகக் காத்திருந்தார். 1909-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி ஸ்லோக்கம் இறந்ததாகக் கருத வேண்டும் என்று 1924-ம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அன்றுதான் சட்டத்தின் கணக்கில் அவர் பயணம் முடிந்தது.

அவருக்குக் கல்லறை இல்லை. ஆனால் அவர் போட்ட வழி நிலைத்துவிட்டது. அவருக்குப் பின் பல நாட்டு ஆண்களும் பெண்களும் தனியாக உலகைச் சுற்றினார்கள். ஸ்பிரேயின் அளவை வைத்து அதே மாதிரிப் படகுகளைப் பலர் கட்டினார்கள். ஊருக்கு உதவாது என்று வயலில் போட்டு வைத்த படகு அது. காலத்துக்கு உதவாதவர் என்று தெருவில் விட்ட மனிதர் அவர். இரண்டும் சேர்ந்து உலகையே சுற்றி வந்தன.

கட்டுப்படியாகுமா என்று கேட்ட ஊராருக்கு, இதைவிட நல்ல பதில் வேறு என்ன இருக்கிறது?